ஆறு தாண்டக் கூடாது

என் சம்பந்தியின் மேல் எனக்குப் பொறாமை வந்த இடம் அவர் வீட்டுக் கிணற்றடி. மகளுக்குக் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போயிருந்தோம். கை கழுவலாம் என்று பின்பக்கம் போனால், கிணற்றில் தண்ணீர் குனிந்து அள்ளுகிற உயரத்தில் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"கோடையிலயும் இப்படித்தான் கெடக்கும் அண்ணாச்சி. பெருசா எறங்காது" என்றார்.

அதில் பெருமை எதுவும் இல்லை. வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். பெருமையடித்திருந்தால் மனசுக்குள் இரண்டு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

நான் சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கமிருந்து எரிந்துபோன போர்வெல் மோட்டார்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார்கள். பாதாளத்தில் கிடக்கிற தண்ணீரை இழுத்து இழுத்து மூச்சு முட்டிச் செத்த மோட்டார்கள். அவற்றைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். என் மகளை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அந்தக் கருகல் வாடைதான். அப்படிப்பட்டவனிடம் போய்க் கையெட்டும் தூரத்தில் தண்ணீரைக் காட்டினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சரி, தண்ணீர் அவருடையது, மகள் என்னுடையவள் என்று தேற்றிக்கொண்டேன். பொறாமை அந்தக் கிணற்றடியோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே வந்திருக்காது.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கட்டிக்கொடுத்த இடம் கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஊர். அந்தப் பக்கம் பாதி வீட்டு ஆம்பிளைகள் வளைகுடாவில்தான் இருப்பார்கள். என் மாப்பிள்ளையும் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மாப்பிள்ளை ஊரில் இருந்திருந்தால் ஊர் உலகத்தில் எல்லாத் தகப்பன்களும் படுவதைப்போல நானும் அவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு கௌரவமாக இருந்திருப்பேன். எனக்கு வாய்த்தவர் மாப்பிள்ளையின் அப்பா.

அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க விசிலும் சத்தமுமாக இருந்தவராம். இப்போது வீட்டில் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. தென்னந்தோப்பைப் பார்ப்பார், பேப்பர் படிப்பார். அதை விட்டால் பறவை பார்ப்பார். பறவை பார்ப்பதை ஒரு வேலையாகச் செய்கிறவர்களை நான் அதுவரை அறிந்ததில்லை. மடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம் என்ன பேசுவது? "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பேன். "இன்னும் இல்ல" என்பார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மகளுக்கு நான் காலையிலும் மத்தியானமும் ராத்திரியும் போன் போடுவேன். "சாப்ட்டியாட்டி? மாத்திர போட்டியா? மாடிப்படி ஏறாத. ஈரத் தரையில பாத்து நட." அவளும் "சரிப்பா", "ஆமாப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். போனுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் என் கவலையும் மட்டும் பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒருநாள் நான் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவள், "அப்பா, இன்னைக்கு நாங்க இருவாச்சி பாத்தோம்! எம்மாம் பெரிய மூக்கு தெரியுமா? பறந்தா ரயிலு மாதிரி சத்தம் கேக்குது!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டே வருஷக்கணக்காகியிருந்தது. எனக்கு சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும்.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

"நானும் மாமாவும். ஆத்தங்கரைப் பூங்காவுல."

அடுத்த வாரம் நீர்நாய். அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு நீல நிறக் குருவி, விசில் அடிக்குமாம். எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் மொட்டைமாடியில் மயில் வந்து நின்றால்கூட, "அப்பா, துணியெல்லாம் அசிங்கம் பண்ணுது, வெரட்டுங்க" என்று சொன்னவள் இவள். பூனை வாங்கித் தரவா, நாய் வாங்கித் தரவா என்று நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றவள். என்னிடம் இருந்தவரைக்கும் வராத ஆசை அந்த டிரில் வாத்தியாரிடம் போனதும் எப்படி வந்தது? உள்ளுக்குள் புகைய ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. எனக்கு இரட்டைச் சந்தோஷம். ஒன்று பேரப்பிள்ளை. மற்றது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அப்புறம் பிள்ளை பிறந்து தலை நிற்கிற வரைக்கும் அவள் எங்களோடு. இதை யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் கீழ்வீட்டு அறைக்கு வெள்ளையடித்தேன். கட்டிலை மாடியிலிருந்து இறக்கினேன். பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ் போட்டு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். தொட்டி காலியாகிவிடக் கூடாது என்று இன்னொரு தொட்டியும் வைத்தேன். என் மனைவி, "பிள்ளை பெறத்தான வாரா? கோட்டை புடிக்கவா?" என்று கேட்டாள்.

மாசி மாதம் அவளுக்கு ஏழு பிறந்தது. வளைகாப்புக்கும் கூட்டிவருவதற்கும் நாள் பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பினோம். மகளுக்கு உயிர் என்பதால் எங்கள் ஊர் மட்டன் பிரியாணியைச் சூடு ஆறாமல் கட்டி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம், காலேஜ் என்று அவள் எங்கே பரீட்சை எழுதி முடித்தாலும் அந்தப் பிரியாணி வாங்கிக்கொடுத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன்.

போய் இறங்கியதும் மகள் வாசலுக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் தெளிந்து, கொஞ்சம் கறுத்து, ஆனால் அழகாக இருந்தாள். நான் "வெயில்ல அலையுதியோ?" என்றுதான் முதலில் கேட்டேன்.

காப்பி குடித்ததும் சம்பந்தி, "ஆத்தங்கரைப் பூங்காவுக்குப் போயி அங்கன வச்சே பேசுவோமா அண்ணாச்சி? சோத்தையும் அங்கனயே சாப்பிட்டுக்கிடலாம். பிள்ளைக்கும் காத்தாட இருக்கும்" என்றார். நல்ல காரியம் பேசப் போகிற இடமா அது என்று எனக்குத் தோன்றியது. மகள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பூங்கா என்றால் சிமெண்டில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் செய்து வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. காட்டை ஒட்டி ஆறு வளைகிற இடத்தில் ஒரு கரையைத் துப்புரவாக்கி, நடைபாதை போட்டு, மரத்தடியில் கல் பெஞ்சுகள் வைத்திருந்தார்கள். காலையில் திறந்து, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்களாம். தங்குகிற பேச்சே கிடையாது. இருட்டினால் அந்த இடம் விலங்குகளுக்கு. வாசலில் ஒரு போர்டு: சத்தம் போடாதீர்கள், விலங்குகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் கொண்டுவராதீர்கள். காவலாளி என் பிரியாணிப் பையைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் கவரையெல்லாம் உருவி வாங்கிக்கொண்டார். அதே ஆள் என் மகளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "என்னம்மா, நேத்து ஆளைக் காணும்? கருமந்தி கூட்டமா வந்துட்டுப் போச்சு" என்றார். அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவளுக்கும் அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

உள்ளே போனதும் ஆறு. மாசி மாதத்துக்குத் தண்ணீர் கொஞ்சம்தான் என்று சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சமாகத் தெரியவில்லை. பாறைகளுக்கு நடுவே கண்ணாடிபோலத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, கரண்ட் எப்போது வரும் என்று விழித்திருக்கிற ஆள் இல்லை. யாரும் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கமும் ஆறு என்று பேர் சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. மழைக்கு நாலு நாள் வந்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் மணலும் முள்ளும்தான். இந்தத் தண்ணீரில் பாதி கிழக்கே வந்தால் என் கடையை மூடவேண்டியதுதான், ஆனாலும் வரட்டுமே என்று இருந்தது.

நடக்க ஆரம்பித்தோம். சம்பந்தி முன்னால் போனார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு என் மகள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி பின்னால் வருகிறாளே, கல்லில் கால் வைத்து வழுக்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் ஓடிப்போய் மகளுக்குப் பக்கத்தில் நடந்தேன். "பாத்து, வேரு கெடக்கு. பாத்து, பள்ளம். இந்தக் கைய புடிச்சிக்கோ."

"எனக்குப் பாதை தெரியும்ப்பா" என்றாள்.

திடீரென்று சம்பந்தி கையைத் தூக்கினார். மகள் அப்படியே நின்றாள். அவர் கை காட்டிய மருத மரத்தை இவள் பார்த்தாள். இருவரும் ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்து நின்றார்கள். என் வீட்டில் வளர்ந்தவள் என் மாதிரி இருப்பாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அவளைப் பார்த்தவர்கள் அவரைத்தான் அப்பா என்று நினைத்திருப்பார்கள்.

"எங்கன? எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

கிளையில் செம்பழுப்பாக, பூனையைவிட நீளமாக ஏதோ ஒன்று வாலை உதறிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவி மறைந்தது. மலையணிலாம்.

"அப்பா, ஷ்ஷ்" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதவள், என்னை வாயை மூடச் சொன்னாள். அதுவும் ஒரு அணிலுக்காக.

மத்தியானம் ஒரு நாவல் மரத்தடியில் விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். நான் முந்திக்கொண்டு பிரியாணியைத் திறந்தேன். மகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பக் கறி வாடை ஆகமாட்டேங்குதுப்பா. தப்பா நெனைச்சிக்கிடாதீங்க."

சம்பந்தியின் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், தூக்குச்சட்டியிலிருந்து தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து இவளுக்கு வைத்தார்.

"அவளுக்குத் தயிர்ச்சோறு பிடிக்காதே மைனி" என்றேன்.

"இப்பப் பிடிக்குதுப்பா" என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

பிரியாணியைச் சம்பந்தி மரியாதையாக இரண்டாம் தடவையும் போடச் சொல்லிச் சாப்பிட்டார். "ஒங்க ஊரு பிரியாணிக்கு ஈடு கெடையாது அண்ணாச்சி" என்றார். மகளுக்காகச் சுமந்து வந்ததை இந்த மனுஷர் ருசித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்து துண்டை உதறினார். ஆற்றின் குறுக்கே நடந்துபோக ஒரு இரும்புப் பாலம் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே உறுதியான பலகை. அக்கரையைக் காட்டி, "அங்கன அத்தி பழுத்துக் கெடக்கும்மா. இந்நேரத்துக்கு இருவாச்சி வந்தாலும் வரும். வாரியா?" என்று கேட்டார்.

மகள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு ஒருதடவை அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பறவையைச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு போகிறார்.

"ஆறு தாண்டக் கூடாது" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"புள்ளத்தாச்சி ஏழு மாசத்துக்கு மேல ஆறு தாண்டக் கூடாதும்பாங்க எங்க பக்கம். கேக்கலாம் நீங்க" என்று மனைவியைக் காட்டினேன்.

என் மனைவி ஒரு விநாடி திகைத்தாள். பிறகு, "ஆமா, சொல்லுவாங்கதான். எங்க அம்மா சொல்லுவா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. அந்த நேரத்துக்குக் கையில் கிடைத்தது அதுதான், எடுத்து வீசிவிட்டேன்.

மைனி மருமகளைப் பார்த்தார். "எங்க ஊருல அதைப் பாத்தா ஒருத்தியும் வயலுக்குப் போக முடியாது. ஆனாலும் பெத்தவங்க சொன்னா கேட்டுக்கிடணும்மா. உக்காரு."

மகள் உட்கார்ந்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, சம்பந்தியும் போகாமல் திரும்பி வந்து உட்காருகிற வரைக்கும். அவர் தனியாகப் போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்திருந்தால் சுயநலக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் வழி வைக்கவில்லை. மகளும் அவரும் இக்கரையில் இருந்தே அந்த அத்தி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே பெரிய மூக்கோடு இரண்டு பறவைகள் வந்து அதில் இறங்கின. றெக்கைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. மகள் அவர் கையிலிருந்த பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றாமல் வைத்துப் பார்த்ததில் ஒரே பச்சைதான் தெரிந்தது. "தெரியுது, தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெயில் சாய ஆரம்பித்ததும் வந்த காரியத்தைப் பேசினேன். வளைகாப்புக்கு ஒரு நாள் சொன்னேன். அன்றைக்கே சாயங்காலம் நல்ல நேரம் இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றேன். அறை, கட்டில், வழுக்காத டைல்ஸ், இரண்டு தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி தலையாட்டிக்கொண்டிருந்தார். மைனி தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. ஆறு தாண்டக் கூடாதுன்னா, பிள்ளைய சங்கரன்கோயிலுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவீய?"

எனக்குப் புரியவில்லை. "காருலதான்."

"காரு பறந்தா போகும்? இதே ஆறுதான கடையநல்லூரத் தாண்டி ரோட்டுப் பாலத்துக்கடியில போகுது? காலையில அதுக்கு மேலதான வந்தீய?"

அவர் கிண்டலாகக் கேட்டாரா, கவலையாகக் கேட்டாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அது ஒரு ஆறு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் வறண்ட சீமையில் ஆறு தாண்டக் கூடாது என்ற பேச்சைச் சும்மா வைத்திருந்தோமே தவிர, அதை யாரும் பயன்படுத்த வேண்டி வந்ததில்லை. தாண்டுவதற்கு ஆறு இருந்தால்தானே? ஆற்றங்கரையில் பிறந்த எவனும் இப்படி ஒரு சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால், எந்தெந்த ஆறு எங்கெங்கே குறுக்கே வருகிறது என்று யோசித்திருப்பான். நான் சங்கரன்கோவில்காரன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி என் காதருகே குனிந்து, "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையோ?" என்று பல்லைக் கடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூட்டிவந்து, தலைக்கு ஊற்றிவிட்டு, பத்தியச் சோறு போட்டு, பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற ஆசையில் அவளும் இருந்தாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் வருத்தம் இருக்கும், "அதெல்லாம் பாக்க வேண்டாம் அத்தை" என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ தளர்த்திவிட்டதுபோலத் தோளெல்லாம் இறங்கியிருந்தது. என் மகளை எனக்குத் தெரியும். ஸ்கூல் லீவு என்று திடீரென்று சொன்னால் அவள் உடம்பு இப்படித்தான் ஆகும்.

"அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு ஆத்தைப் புடிச்சு இழுக்கணும்?" என்றார் சம்பந்தி மெதுவாக. "எங்கன இருக்கணும்னு பிள்ளைகிட்டயே கேட்டுக்கிடுவோமே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இதுல கேக்க என்ன இருக்கு? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வாரியான்னு யாராவது கேப்பாங்களா? காலங்காலமா நடக்கதுதான?" சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. பாறையில் றெக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்த நீர்க்காகம் எழுந்து பறந்துவிட்டது. சம்பந்தி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சரி என்று அர்த்தமா, முடியாது என்று அர்த்தமா என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை. அதனால்தான் அந்த வீட்டில் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

விசில் ஊதினார்கள். விரிப்பை மடித்து, எச்சில் இலைகளைப் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மற்றவர்கள் முன்னால் போனார்கள். நான் மகளோடு பின்தங்கினேன். அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. காலையில் பார்த்த பாலத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீரா இருந்தது? அணைக்கட்டு அணைக்கட்டாக வாய்க்காலுக்குத் திருப்பி, அந்த இடத்துக்கு வரும்போது ஆறு வெறும் மணல். சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஆடு மேய்கிறது.

"ஏட்டி, அந்தப் பாலத்துக்கடியில சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி இல்லாத எடம் எப்படி ஆறாகும்? மைனிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தயாரா இரு."

சொன்னதும் எனக்கே அது நல்ல வாதமாகத் தெரிந்தது. எரிந்த மோட்டாரை ஓடவைத்த மாதிரி ஒரு தெம்பு வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா."

"என்ன மக்கா?"

"ஆறுல்லாம் ஒண்ணுமில்லப்பா. நான் இங்கனயே இருக்கேன்."

"இங்கனன்னா?"

"பிள்ளை பெறுதது. அம்மா வந்து எங்கூட இருக்கட்டும். நீங்களும் வாங்க. அத்தைகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன். ஒங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

ஆக, மைனிக்குத் தெரிந்திருக்கிறது. சம்பந்திக்கும் தெரிந்திருக்கும். காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். நான் மட்டும் வெள்ளையடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொறாமையை அதுவரைக்கும் வேறு வேறு பேர் சொல்லி மூடிவைத்திருந்தேன், கவலை என்றும், முறை என்றும், தாய்வீடு என்றும். அந்த இடத்தில் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபம்போல வெளியே வந்தது.

"அப்படி என்ன செஞ்சுட்டாரு ஒங்க மாமா ஒனக்கு? நான் செய்யாதது என்ன செஞ்சுட்டாரு? சொல்லு, கேப்போம்."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"மாமா ஒண்ணுஞ் செய்யலப்பா" என்றாள். "அதான் நல்லா இருக்கு."

பிறகு என் கையை எடுத்து ஒருதடவை அழுத்திவிட்டு நடந்துபோனாள். வாசலுக்கு முன்னால் சரளைக்கல் இறக்கமாக இருந்தது. 'பாத்து' என்று தொண்டை வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் பாட்டுக்கு இறங்கிப்போய் அவர்கள் காரில் ஏறிக்கொண்டாள். சம்பந்தி திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

எங்கள் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். என் மனைவி நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன சொன்னா?"

"இங்கனயே பெத்துக்கிடுதாளாம். நம்மளையும் வந்து இருக்கச் சொல்லுதா."

"ஒங்களையுமா?"

"ஆமா. ஆனா ஒண்ணுஞ் செய்யாம இருக்கணுமாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது ஒங்களால ஆகாதே" என்றாள்.